நெட்டூட்டுச் சுண்ணாம்பும் ராயம்மாளின் கச்சாயமும்

ராயம்மாள் பிறந்தது 1930-ஆம் ஆண்டு என்று கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு சொல்கிறது. 1932 என்று ராயம்மாள் சொன்னாள். அவள் வாக்கப்பட்டு வந்தது 1949 பிப்ரவரியில் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பொம்மிடி ரயில் நிலையத்துக்கு மூன்று மைல் கிழக்கே சந்தியாகுபுரம் என்ற ஊரில், நெட்டூடு என்று எல்லாரும் அழைத்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தாள். கணவன் சவரிமுத்து ரயில்வேயில் கேங்மேன். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் பிஷ்பிளேட்டின் போல்ட்டுகளைச் சாவியால் முடுக்குவது அவன் வேலை. வாயையும் அதே சாவியால் முடுக்கி வைத்திருந்தானோ என்று தோன்றும், அவ்வளவு குறைவாகப் பேசுவான்.

சந்தியாகுபுரத்தில் பழைய வீடுகள் மூன்று. பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, 1879-இல், பிழைக்க இடம் தேடி வந்த மூன்று சகோதரர்களின் வம்சத்துக்கு அவை சொந்தம். முதலாவது கல்லூடு. முழுக்கக் கருங்கல், சித்திரை வெயிலிலும் உள்ளே படுப்பவருக்குப் போர்வை வேண்டும். இரண்டாவது மச்சூடு. ஊரில் முதன்முதலாக மாடி கண்ட வீடு. மாடிக்குப் பதினொரு மரப்படிகள், அவற்றில் ஏழாவது 1938 முதல் இல்லை. மூன்றாவது நெட்டூடு. ஒரே வரிசையில் ஏழு அறைகள், ரயில் பெட்டிகளைக் கோத்துவிட்டது போல. வாசலில் நின்று கூப்பிட்டால், கடைசி அறையில் இருப்பவர் வந்து சேர்வதற்குள் கூப்பிட்டவர் வந்த காரியத்தை மறந்திருப்பார்.

கிறிஸ்மஸ் அன்று காலைப் பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் முன்னால் நடக்க, மேளம் பின்னால் முழங்க, ஊரே இந்த மூன்று வீடுகளையும் பார்க்கப் புறப்படும். அக்கம்பக்கத்து ஊர்களின் இந்துக் குடியானவர்களும் வருவார்கள். காரிமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வருபவர்களும் உண்டு. வாசலில் மூங்கில் சிம்பால் கட்டிய நட்சத்திரம், நிலைப்படியில் காகிதத் தோரணம், கூடத்தில் பாலன் இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் காட்டும் குடில். குடிலுக்கு முன்னால் பசும்புல்லுக்காகப் பதினைந்து நாள் முன்பே தட்டுகளில் கேழ்வரகு முளைக்கப் போட்டிருப்பார்கள். கல்லூட்டுக் குடிலின் சுரூபங்கள் அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கொடுத்தவை; முகத்தில் வண்ணம் இன்னும் மங்கவில்லை. மச்சூட்டுக் குடில் மாடியில் இருந்தது. எட்டு எட்டுப் பேராக, ஏழாவது படியைத் தாண்டிக் குதித்து ஏற வேண்டும். நெட்டூட்டில், பாலனைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களில் ஒருவர் 1944-இல் கீழே விழுந்து உடைந்துவிட்டார். அந்த இடத்துக்குக் காரிமங்கலம் சந்தையில் வாங்கிய போலீஸ்கார பொம்மை ஒன்றை வைத்திருந்தார்கள். அவரும் தொப்பியைக் கழற்றாமல், லத்தியோடு பாலனைத் தரிசித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு ராஜா காணிக்கை கொண்டாந்திருக்காங்க, மூணாவது ஆளு கேஸ் எழுத வந்திருக்காரு" என்று மச்சூட்டு ஞானராஜ் ஆண்டுதோறும் சொல்வான். ஆண்டுதோறும் அவன் மட்டும் சிரிப்பான்.

பார்க்கப் போகும் வரிசை வீடுகளின் வயதுப்படி: கல்லூடு, மச்சூடு, நெட்டூடு. இதை யார் வகுத்தார்கள் என்பதற்கு எழுத்து மூலமான சான்று எதுவும் இல்லை. வருபவர்களுக்கு ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிடக் கொடுப்பது வழக்கம். கல்லூட்டு ஆரோக்கியம்மாள் இட்லியும் கோழிக்குழம்பும் போடுவாள். மச்சூட்டில் பொங்கலும் வடையும். நெட்டூட்டில் ராயம்மாள் சுடும் கச்சாயம். பச்சரிசியை இடித்து, வெல்லப்பாகில் பிசைந்து, நான்கு நாள் ஊற வைத்து, தட்டி எண்ணெயில் போட்டு எடுப்பது. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மிருதுவாகவும் வர வேண்டும். சூடாகத் தின்றால்தான் கச்சாயம். ஆறினால் அது வேறு பண்டம்.

அந்தக் கச்சாயத்தைச் சூடாகத் தின்றவர் எவரும் இல்லை என்பதுதான் ராயம்மாளின் துயரம். கூட்டம் நெட்டூட்டுக்கு வந்து சேரும்போது பதினொரு மணி ஆகியிருக்கும். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கங்க."

"எங்கங்க்கா எடம் இருக்குது. கழுத்து வரைக்கும் இட்லி நிக்குது. ஒரு சொம்பு தண்ணி குடுங்க, போதும்."

போலீஸ்கார ராஜாவைப் பார்ப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள், போய்விடுவார்கள். மிஞ்சிய கச்சாயத்தைச் சவரிமுத்து தூக்குவாளியில் போட்டு வேலைக்கு எடுத்துப் போவான். ஓர் ஆண்டு, நான்காம் நாள் அவனுடைய கேங்கில் ஒருவன் ஒன்றைத் தண்டவாளத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "பிஷ்பிளேட்டுக்குப் பதிலா இதயே வச்சி முடுக்கலாம் போல" என்றான். சவரிமுத்து இதை வீட்டில் வந்து சொன்னான். அதிகம் பேசாதவன் அந்த வாரம் பேசியது அது ஒன்றுதான். ராயம்மாள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவன் அதைக் கவனித்தானா என்பது தெரியவில்லை.

இப்படிப் பதினெட்டுக் கிறிஸ்மஸ் போயிற்று. நம் வீடு முதல் வீடாக இருந்தால் ஊர் பசியோடு வரும், கச்சாயம் சூடாக வயிற்றில் இறங்கும் என்று ராயம்மாள் நினைத்தாள். அதற்கு நெட்டூடு மூத்த வீடாக இருந்தாக வேண்டும். வீட்டின் வயதை யாரால் மாற்ற முடியும்?

1967 டிசம்பர் முதல் வாரம், வழக்கம்போல் பச்சியப்பன் வெள்ளையடிக்க வந்தான். மூன்று வீடுகளுக்கும் வெள்ளையடிப்பது அவன் தகப்பன் வேலை, அதற்கு முன்னால் பாட்டன் வேலை. வாசல் நிலையை ஒட்டிய சுவரை அவன் கரண்டியால் சுரண்டியபோது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. ராயம்மாள் அதைக் குப்பையில் போடக் குனிந்து எடுத்தாள். அதன் ஓரத்தில், வெங்காயச் சருகு போல, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய வரிகள்.

"இதென்ன பச்சியப்பா, கோடு கோடா?"

"சுண்ணாம்புங்க்கா. வருசத்துக்கு ஒரு பூச்சு. போன வருச பூச்சு மேல, அதுக்கு முந்துன வருசத்துது கீழ."

"கிறிஸ்மசுக்கு மட்டுந்தான பூசுவீங்க?"

"ஆமாங்க. கலியாணத்துக்குக் கூட பூசறதில்ல. துக்கம் விழுந்த வூட்டுக்கு அந்த வருசம் பூச்சு கெடையாது. அவ்வளவுதான்."

ராயம்மாள் அந்தச் சில்லைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு நேரே சாமியார் வீட்டுக்குப் போனாள்.

புதிதாக வந்திருந்த இஞ்ஞாசி சாமியார் எதையும் எழுதி வைப்பவர். எழுதாத வழக்கம் என்றால் அவருக்கு இரவில் தூக்கம் வராது. பச்சியப்பன் சொன்னதை அவள் சொல்லக் கேட்டு, சில்லை வாங்கிப் படிக்கும் கண்ணாடியை அதன்மேல் பிடித்தார்.

"இத எண்ணுனா வூட்டு வயசு தெரிஞ்சிடும்ங்க சாமி" என்றாள் ராயம்மாள்.

"துக்கம் விழுந்த வருசத்துக்குப் பூச்சு இல்லைன்னு சொல்றியே."

"சாவு பொஸ்தகம் உங்க கிட்டயே இருக்குதுங்களே. எத்தன வருசம் துக்கமோ, அத்தனயும் கூட்டிக்குங்க."

சாமியாரின் முகம் மலர்ந்தது. இத்தனை ஒழுங்கான ஒரு விண்ணப்பம் அவரிடம் அதுவரை வந்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மூன்று வீடுகளிலும் வாசல் நிலையின் வலது பக்கச் சுவரைப் பெயர்ப்பது என்று அறிவிக்கப்பட்டது. பெயர்த்தவன் பச்சியப்பன், ஊசி முனையால் வரிகளை எண்ணியவரும் எழுதியவரும் சாமியார். கல்லூட்டில் அறுபத்தாறு பூச்சு. மச்சூட்டில் உளியை வைத்ததும் முறம் அகலத்துக்குச் சுவர் பெயர்ந்து, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஞானராஜின் தலையில் இறங்கியது. தலையிலிருந்து பொறுக்கிய துண்டில் எண்ணியதில் அறுபது. நெட்டூட்டில் எண்பத்து நான்கு.

அதன் பிறகுதான் சாவுகளைக் கூட்டும் வேலை வந்தது. சாமியார் மரணப் பதிவேட்டை மேசைமேல் விரித்தார். தன் வீட்டில் துக்கம் விழுந்ததைச் சொல்லக் கூசும் மனிதர்கள் அன்று முண்டியடித்துக்கொண்டு சொன்னார்கள்.

"எங்க சின்னத் தாத்தாவ வுட்டுட்டீங்க சாமி" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"அவர் ஜோலார்பேட்டையில் இறந்ததாகப் போட்டிருக்கு."

"செத்தது அங்க. அழுதது இங்கதானுங்க."

"எங்க வூட்ல காலராவுல ஒரே வருசத்துல மூணு பேருங்க" என்றான் ஞானராஜ். "மூணு போட்டுக்குங்க."

"மூணு பேர் போனாலும் வருசம் ஒண்ணுதானப்பா."

"அது ஞாயமாங்க? செத்தது மூணு பேருங்களே."

நெட்டூட்டில் துக்க வருடங்கள் ஒன்பதே. "உங்க வூட்டாளுங்க சாவறதுல கூட சோம்பேறிங்க" என்று ஆரோக்கியம்மாள் ராயம்மாளின் காதுபட முணுமுணுத்தாள். ஆனாலும் கணக்கு முடிந்தபோது கல்லூடு எழுபத்தேழு, மச்சூடு எண்பத்திரண்டு, நெட்டூடு தொண்ணூற்று மூன்று. மறு ஞாயிறு பிரசங்கத்தின் முடிவில் சாமியார் புதிய வரிசையைப் படித்தார்: நெட்டூடு, மச்சூடு, கல்லூடு.

அந்த ஆண்டு ராயம்மாள் நானூறு கச்சாயத்துக்கு மாவு பிசைந்தாள். போலீஸ்கார ராஜாவுக்குச் சட்டை பொத்தான்களை மஞ்சள் வண்ணத்தால் புதுப்பித்தாள். கிறிஸ்மஸ் காலை எட்டே முக்காலுக்கு மேளச் சத்தம் நெருங்கியது. அடுப்பில் எண்ணெய் காய்ந்து தயாராக இருந்தது. அவள் முதல் கச்சாயத்தை எண்ணெயில் விட்டாள்.

கூட்டம் பசியோடு வந்தது. அதில் குறை சொல்ல முடியாது. குடிலின் முன் முழங்காலிட்டுப் பாட்டைப் பாதியில் முடித்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பியது. சூடான கச்சாயம் கைக்குக் கை போயிற்று. ஆளுக்கு ஒன்று. அதையும் நின்றபடியே, கண்ணைக் கல்லூட்டுத் திசையில் வைத்தபடி, இரண்டு வாயில் விழுங்கினார்கள்.

"இன்னொண்ணு எடுத்துக்கங்க."

"வேணாங்க்கா. வெறும் வயித்துல இனிப்பு எறங்க மாட்டேங்குது. ஆரோக்கியக்கா வூட்டுல கொழம்பு கொதிக்கிற வாசம் இங்க வரைக்கும் வருது."

சாமியார் ஒன்றைக் கையில் பிடித்தபடி பதிவேட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். நெட்டூட்டில் ஊர் தங்கியது பதினொரு நிமிடம் என்று அதில் இருக்கிறது. அவர் கையிலிருந்த கச்சாயம் என்ன ஆயிற்று என்பது அதில் இல்லை.

கூட்டம் வாசலைத் தாண்டும்போதுதான் ஞானராஜ் நின்றான். அவன் எதையும் மெதுவாக யோசிப்பவன். இரண்டு வாரமாக யோசித்தது அப்போதுதான் முடிந்திருந்தது.

"சாமி, அறுவத்தேழுல தொண்ணூத்தி மூணு கழிச்சா ஆயிரத்தி எட்நூத்தி எழுவத்தி நாலுங்களே. ஊர் உண்டானதே எழுவத்தொம்போதுல தானுங்க. அஞ்சு வருசம் இந்த வூடு மட்டும் காட்டுல தனியா நின்னுதுங்களா?"

மேளம் நின்றது. சாமியார் விரல்விட்டுக் கழித்தார், மறுபடி கழித்தார். தெருவில் நின்ற பச்சியப்பன் மட்டும் கவலையின்றிக் கச்சாயத் துணுக்கைப் பல்லிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான்.

"பச்சியப்பா, கிறிஸ்மசுக்கு ஒரு பூச்சுன்னுதான சொன்ன?"

"கல்லூட்டுக்கு ஒண்ணு, மச்சூட்டுக்கு ஒண்ணுதானுங்க சாமி. நெட்டூடு கடசி வூடுங்களே. வேலைக்குக் கலக்குன சுண்ணாம்ப நாங்க வூட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்ல. மிஞ்சுனத அங்கயே ரெண்டாம் பூச்சா அடிச்சிடுவோம். மிஞ்சலன்னா ஒரு பூச்சோட சரி. எங்க பாட்டன் காலத்துல இருந்தே அப்படித்தானுங்க."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"கோட்டத்தான எண்ணுனீங்க. எந்த வூட்டுக்கு எத்தன பூச்சுன்னு என்னைய யாருங்க கேட்டாங்க?"

கடைசி வீடாக இருந்ததால் சேர்ந்த சுண்ணாம்பு அதை முதல் வீடாக்கியிருந்தது. தெருவில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு எல்லாரும். ராயம்மாள் வாசலில் கரண்டியோடு நின்றாள். "சிரிச்சிட்டாவது ஆளுக்கு இன்னொண்ணு எடுத்துட்டுப் போங்க" என்றாள். ஒருவரும் எடுக்கவில்லை. மேளம் மச்சூட்டை நோக்கி நகர்ந்தது.

ஆனால் அன்றைய நாள் அத்துடன் முடியவில்லை. மச்சூட்டில் பொங்கல் நெய் மிதக்க இருந்தது. காலையிலிருந்து குழம்பு வாசத்தில் தவித்த கூட்டம் அதற்குமேல் பொறுக்க முடியாமல் பொங்கல்மீது பாய்ந்தது. கல்லூட்டுக்கு அது போய்ச் சேர்ந்தபோது பலர் மூச்சுத் திணறினார்கள். ஆரோக்கியம்மாள் இரண்டு கொப்பரை இட்லியோடும் ஏழு கோழிகளின் குழம்போடும் காத்திருந்தாள்.

"ஒரு சொம்பு தண்ணி குடுங்க ஆரோக்கியக்கா, போதும்" என்றது ஊர்.

அவள் இந்த வாக்கியத்தைத் தன் வீட்டில் கேட்டதே இல்லை. பொருள் புரிவதற்குச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு நான்கு நாள் கல்லூட்டார் இட்லியே தின்றார்கள். ஐந்தாம் நாள் அவள் ஒரு தூக்கு நிறைய இட்லியைச் சவரிமுத்துவிடம் கொடுத்து, கேங்குக்குக் கொண்டு போகச் சொன்னாள். கேங்கில் யாரும் எதையும் தண்டவாளத்தில் தட்டிப் பார்க்கவில்லை. தட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்கள்.

1968-இல், கிறிஸ்மசுக்கு முந்தைய அட்வெந்துக் காலத்தில் சாமியார் பழைய வரிசையை மறுபடியும் அறிவித்தார். பதிவேட்டில் முந்தைய ஆண்டின் பக்கத்தில் "சுண்ணாம்பு சாட்சி ஏற்கத்தக்கதல்ல" என்று ஒரு வரி சேர்த்தார். நெட்டூடு மறுபடி மூன்றாம் வீடாயிற்று. ராயம்மாள் நூறு கச்சாயத்துக்குத்தான் மாவு பிசைந்தாள். "எதுக்கு இந்த வேலை, தண்ணிக் குடம் ரெண்டு ரொப்பி வச்சா ஆவுதா?" என்று கணவனிடம் கேட்டாள். சவரிமுத்து நெடுநேரம் யோசித்துவிட்டு, "சுடு" என்றான்.

அன்று கல்லூட்டில் நடந்ததை ராயம்மாள் பிறகுதான் கேள்விப்பட்டாள். ஆரோக்கியம்மாள் ஆளுக்கு மூன்று இட்லி எண்ணி வைத்தாள். நான்காவதுக்குக் கை நீட்டியவர்களை எழுப்பிவிட்டாள்.

"போதும், எந்திரி. போன வருசம் நான் செஞ்சது மிஞ்சிப் போயி நாலு நாளு தின்னன். இந்த வருசம் அளவாத்தான் செஞ்சன்."

"இன்னும் ரெண்டு வைங்க்கா."

"அங்க ராயம்மா கச்சாயம் சுட்டு வச்சிருக்கா. அதப் போயித் தின்னு. அது எப்படித்தான் இருக்குதுன்னு நானும் பாக்கறன்."

மச்சூட்டில் அவ்வருடம் ஞானராஜின் மனைவிக்குக் காய்ச்சல். வடை மட்டும்தான், அதுவும் ஞானராஜ் சுட்டது. அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. ஆகவே பத்தரை மணிக்கு மேளம் நெட்டூட்டு வாசலில் நின்றபோது, கூட்டம் அரை வயிறோடு நின்றது. கூட்டத்தின் பின்னால், இருபது ஆண்டில் முதன்முறையாக, ஆரோக்கியம்மாளும் நின்றாள். கிறிஸ்மஸ் அன்று பாத்திரம் கழுவத் தன் வீட்டிலேயே இருந்துவிடுவது அவள் வழக்கம். நெட்டூட்டுக் குடிலை அவள் அலங்காரத்தோடு பார்த்ததே இல்லை.

"இதென்ன, ராசா இடத்துல போலீசு?" என்றாள் குடிலைப் பார்த்து.

"அதத்தான் நான் இருபது வருசமா சொல்றன்" என்றான் ஞானராஜ்.

பிறகு எல்லாரும் ஏழு அறைகளிலும் நிறைந்து உட்கார்ந்தார்கள். ராயம்மாள் எண்ணெயில் போடப் போட, எடுத்தவர்கள் சூடு பொறுக்காமல் கச்சாயத்தைக் கை மாற்றி மாற்றிப் பிடித்து ஊதித் தின்றார்கள். நூறு போதவில்லை; சவரிமுத்து மாவிடிக்க உட்கார்ந்தான். ஊறாத மாவில் கச்சாயம் வராது என்று அவனிடம் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. சாமியார் மூன்றாவதைத் தின்றுகொண்டிருந்ததால் பதிவேட்டில் அந்த ஆண்டு நேரம் குறிக்கப்படவில்லை.

ஆரோக்கியம்மாள் அடுப்புக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து நான்கு தின்றாள். ஐந்தாவதைப் பிட்டு, உள்ளே பார்த்து, முகர்ந்தாள்.

"ராயம்மா, ஏலக்கா கம்மி."

 ராயம்மாள் கரண்டியை எண்ணெயிலிருந்து எடுத்தாள்.

"என்ன சொன்ன?"

"ஏலக்கா கம்மின்னன். பாகும் ஒரு கம்பி முத்திப் போச்சி. நானா இருந்தா கொஞ்சம் முன்னாடியே எறக்கியிருப்பன்."

"நீயா இருந்தா இட்லிதான் சுட்டிருப்ப. பாகு பதம் பத்தி எனக்குச் சொல்ல வந்துட்டா. ஏலக்கா அதிகமாப் போட்டா வெல்லத்தோட வாசம் செத்துப் போயிடும், தெரியுமா உனக்கு?"

"அதெல்லாம் சாவாது. எங்கம்மா வூட்டுல ஒரு படிக்கு பத்து ஏலக்கா போடுவாங்க."

"அதனாலதான் உங்கம்மா வூட்டுல கச்சாயம் தின்னா மருந்து குடிச்ச மாதிரி இருக்குது."

"எப்ப தின்ன நீ எங்கம்மா வூட்டுல?"

"உங் கலியாணத்துல தின்னன். இன்னும் நெஞ்சுல நிக்குது."

குரல் ஏறிற்று. சாமியார் சமாதானம் செய்ய வாயைத் திறந்தார். வாய் நிறைய இருந்ததால் மூடிக்கொண்டார். வாசலில் மேளக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்தொன்பது கிறிஸ்மஸாக அந்தக் கச்சாயத்தைப் பற்றி நல்லது கெட்டது எதையும் ஒருவரும் ராயம்மாளிடம் சொன்னதில்லை. குற்றம் கண்டுபிடிக்கும் அளவுக்கு அதைத் தின்றவர் இல்லை. அவள் முகம் அடுப்பு வெக்கையில் சிவந்திருந்தது. இடுப்பில் கை ஊன்றி நின்றாள். அன்றைக்கு அவளைப் பார்த்தவர்கள், அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததைத் தாங்கள் வேறெப்போதும் பார்த்ததில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

அவள் இன்னொரு உருண்டையைத் தட்டி எண்ணெயில் விட்டாள். அது மேலே எழும்பிப் பொன்னிறமாகும் வரை இருவரும் எண்ணெயையே பார்த்தார்கள். வடித்து, ஆறவிடாமல், ஆரோக்கியம்மாளின் இலையில் போட்டாள்.

"இதயும் தின்னுட்டு அப்பறம் சொல்லு."

"கம்மிதான்" என்று ஆரோக்கியம்மாள் தின்றுகொண்டே சொன்னாள்.